மீன் தொட்டியும் மாத்திரை அட்டையும்: அணு, தனிமம், மூலக்கூறு, சேர்மம் எதுல எது?

போன கோடையில ஒரு சாயங்காலம் கரண்ட் போய் ரெண்டு மணி நேரம் ஆகியும் வரல. டியூஷனுக்கு வந்த பசங்கள்ல பாதிப் பேரு புத்தகத்தை மூடி வச்சிட்டு ஹால்ல இருக்கற மீன் தொட்டியைச் சுத்தி நின்னுட்டாங்க. ஏர் மோட்டார் நின்னு போச்சு, கோல்டு ஃபிஷ் ரெண்டும் மேல வந்து தண்ணி மட்டத்துல வாயைத் திறந்து திறந்து மூடுது. ஒன்பதாவது படிக்கற பொண்ணு ஒருத்தி திரும்பி என்னைப் பாத்துக் கேட்டா: "அக்கா, தண்ணின்னா எச்2ஓ-ன்னு நேத்துதான் போர்டுல எழுதுனீங்க. அந்த ஓ ஆக்சிஜன்தானே? தொட்டி முழுக்க ஆக்சிஜனை வச்சுக்கிட்டு மீனுக்கு எப்படி மூச்சு முட்டும்?"

முதல்ல மீனைப் பாப்போம்னு சொல்லி, மக்குல தண்ணியை மொண்டு மொண்டு ஒரு அடி உயரத்துல இருந்து திரும்ப அதே தொட்டியில ஊத்தச் சொன்னேன். தண்ணி மேல்மட்டம் நல்லா கலங்குனா காத்து உள்ள கரையும். பசங்க மாத்தி மாத்தி ஊத்துனாங்க, கொஞ்ச நேரத்துல ரெண்டு மீனும் கீழ இறங்கிடுச்சு. அப்புறம்தான் போர்டு பக்கம் வந்தோம், அன்னிக்கு அந்த ஒரே கேள்வியை வச்சே அணு, தனிமம், மூலக்கூறு, சேர்மம் நாலையும் பேசி முடிச்சோம். பன்னெண்டாவது தாண்டுனவங்க, டிகிரி முடிச்சவங்க கூட இந்த நாலுல தடுமாறறதை அடிக்கடி பாக்கறேன், அதனால அதை இங்கயும் எழுதி வைக்கறேன்.

முதல்ல ஒரு கணக்கு. தண்ணியோட எடையில 9 பங்குல 8 பங்கு ஆக்சிஜன். அதாவது ஒரு லிட்டர் தண்ணியில கிட்டத்தட்ட 890 கிராம் ஆக்சிஜன் இருக்கு. ஆனா அந்த 890 கிராமும் ஹைட்ரஜனோட கட்டுண்டு தண்ணியாவே ஆகிப்போன ஆக்சிஜன், மீனோட செவுளால அதைப் பிரிச்செடுக்க முடியாது, யாராலயும் சும்மா பிரிச்செடுக்க முடியாது, மின்சாரம் மாதிரி ஏதாவது பலமா குடுத்தாத்தான் அது பிரியும். மீன் மூச்சு விடறது காத்துல இருந்து வந்து தண்ணிக்குள்ள கரைஞ்சு கிடக்கற ஆக்சிஜனை. அது 25 டிகிரி வெப்பத்துல ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 8 மில்லிகிராம் சொச்சம்தான் நிக்கும். சுத்தி லட்சம் மடங்கு ஆக்சிஜன் இருக்கு, மீன் உயிர் வாழறது இந்த 8 மில்லிகிராமை நம்பி. தண்ணி சூடாக ஆக அதுவும் குறையும், அதான் கோடையில கரண்ட் போனா மீன் சீக்கிரம் திணறுது.

ரெண்டுக்கும் பேரு ஆக்சிஜன்தான். ஒண்ணு தண்ணிக்குள்ள ஹைட்ரஜனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற ஆக்சிஜன் அணு, இன்னொண்ணு ரெண்டு ஆக்சிஜன் அணு தங்களுக்குள்ள ஜோடி சேர்ந்த ஆக்சிஜன் மூலக்கூறு. போதாததுக்கு புத்தகத்துல "ஆக்சிஜன் ஒரு தனிமம்"னு வேற இருக்கும். ஒரே பேரை மூணு இடத்துல வைக்கறோம், எந்த இடத்துல எதைச் சொல்றோம்னு யாரும் நிறுத்தி விளக்கறதில்ல. குழப்பத்துக்குப் பெரிய காரணம் இதுதான்னு நான் நினைக்கறேன்.

இன்னொரு காரணம் பாடம் நடத்தற வரிசை. அணு, தனிமம், மூலக்கூறு, சேர்மம்னு நாலு வரையறையையும் வரிசையா மனப்பாடம் பண்ண வைப்போம். பசங்க அதை நாலு படிக்கட்டுன்னு எடுத்துக்கறாங்க. அணு சின்னது, அதுக்கு மேல தனிமம், அதுக்கு மேல மூலக்கூறு, உச்சியில சேர்மம். அப்படிக் கிடையவே கிடையாது. இதுல ரெண்டு தனித்தனிக் கேள்வி இருக்கு. ஒரு பொருளைக் கையில எடுத்தா, இதுக்குள்ள எத்தனை வகை அணு இருக்குங்கறது ஒரு கேள்வி. ஒரே வகைன்னா தனிமம், ரெண்டு வகையோ அதுக்கு மேலயோ இருந்து அதுங்க ரசாயனமா, ஒரு நிலையான விகிதத்துல சேர்ந்திருந்தா சேர்மம். அந்த அணுக்கள் தனியா திரியுதா, இல்ல நாலஞ்சு பேரு கையைக் கோத்துக்கிட்டு ஒரு குட்டிக் கூட்டமா திரியுதாங்கறது வேற கேள்வி. தனியா இருந்தா அணு, கை கோத்த குட்டிக் கூட்டம்னா மூலக்கூறு. ரெண்டு கேள்விக்கும் தனித்தனியா பதில் சொல்லணும், ஒண்ணோட பதிலை வச்சு இன்னொண்ணை முடிவு பண்ணக் கூடாது.

வகைன்னா என்ன? ஒரு அணு என்ன வகைங்கறதை முடிவு பண்றது அதோட கருவுக்குள்ள இருக்கற புரோட்டான் எண்ணிக்கை, அது மட்டும்தான். 6 இருந்தா கார்பன், 7 இருந்தா நைட்ரஜன், 8 இருந்தா ஆக்சிஜன். நியூட்ரான் ஒண்ணு கூடினாலோ எலக்ட்ரான் ஒண்ணு குறைஞ்சாலோ வகை மாறாது. தங்கம் 79, பாதரசம் 80. ஒரே ஒரு புரோட்டான் வித்தியாசம். அந்தக் காலத்துல ரசவாதம் பண்ணவங்க பாதரசத்தைத் தங்கமாக்க ஆயுசு முழுக்கப் பாடுபட்டாங்க, அது நடக்காததுக்குக் காரணமும் இதுதான், நெருப்புல போட்டாலும் அமிலத்துல ஊற வச்சாலும் மாறறது வெளியில இருக்கற எலக்ட்ரான் கணக்கு மட்டும், கருவுக்குள்ள இருக்கற புரோட்டானை எந்த அடுப்பும் தொடாது. இதுவரைக்கும் 118 வகை தெரியும், கடைசியா நாலு தனிமத்துக்கு 2016-ல பேரு வச்சாங்க, அதோட அட்டவணையோட ஏழாவது வரிசை நிரம்பிடுச்சு. நம்ம சோறு, செங்கல், கடல், ரத்தம், நிலா எல்லாமே இந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துக் கட்டுனதுதான்.

இதுல ஒரு நுணுக்கம் உண்டு. தங்கம்ங்கற தனிமம் மஞ்சளா மின்னும், தட்டுனா தகடாகும், 1064 டிகிரியில உருகும். ஆனா ஒரே ஒரு தங்க அணுவை மட்டும் தனியா பிடிச்சு வச்சா அது மஞ்சளாவும் இருக்காது, உருகவும் செய்யாது. நிறம், கெட்டித்தன்மை, உருகறது எல்லாம் கோடிக்கணக்கான அணு ஒண்ணா நிக்கும்போது வர்ற குணம். அதே மாதிரி ஒரே ஒரு தண்ணி மூலக்கூறு ஈரமா இருக்காது. "ஒரு பொருளின் பண்புகளைக் கொண்ட மிகச் சிறிய துகள்"னு மூலக்கூறுக்கு வரையறை எழுதும்போது, அது ரசாயனப் பண்பை மனசுல வச்சுச் சொன்னதுன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிக் குடுத்தா பசங்க பின்னாடி முழிக்க மாட்டாங்க.

இப்போ ரெண்டாவது கேள்வி, தனியா இருக்கா, கூட்டமா இருக்கா? நாம சுவாசிக்கற காத்தையே எடுத்துக்குவோம். நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன், 1 பங்குக்குக் கொஞ்சம் குறைவா ஆர்கான், மிச்சம் மத்ததெல்லாம். நைட்ரஜன் ரெண்டு ரெண்டா ஜோடி போட்டுத் திரியுது, ஆக்சிஜனும் அப்படித்தான். ஆர்கான் மட்டும் யாரோடவும் சேராம ஒத்தை ஒத்தையா திரியுது, பலூன்ல அடைக்கற ஹீலியமும் அதே ரகம். நாலுமே தனிமம்தான், முதல் ரெண்டும் மூலக்கூறாவும் இருக்கு. அதனால மூலக்கூறுன்னாலே சேர்மம்னு நினைக்கறது தப்பு. மஞ்சள் கந்தகம் 8 அணு வளையமா சுத்தி நிக்கற மூலக்கூறு, அதுவும் தனிமம்தான். ஆக்சிஜனே மூணு மூணா சேர்ந்தா ஓசோன், அது வேற வாசனை, வேற குணம், மூச்சுல அதிகம் போனா நுரையீரலுக்குக் கெடுதல், ஆனா தனிமம்ங்கற கணக்குல அது ஆக்சிஜனேதான். ஒரே வகை அணுவை வேற மாதிரி அடுக்குனா வேற பொருள் மாதிரி நடந்துக்கும், பென்சில் முனையில இருக்கற கிராஃபைட்டும் வைரமும் ரெண்டுமே கார்பன்.

இலங்கைத் தமிழ்ப் பாடப் புத்தகத்துல தனிமத்துக்கு மூலகம், சேர்மத்துக்குச் சேர்வைன்னு எழுதுவாங்க, ஆக்சிஜன் அங்க ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்களும் ஒரே வீடியோவைப் பாத்துப் படிக்கற காலம் இது, கமென்ட்ல மூலகம்னா மூலக்கூறான்னு கேக்கறவங்களைப் பாத்திருக்கேன், ரெண்டும் வேற வேற. எனக்குத் தனிமம், சேர்மம்ங்கற ஜோடி ரொம்பப் பிடிக்கும். ஒரே வகை மட்டும் தனியா இருக்கறது தனிமம், பல வகை சேர்ந்தது சேர்மம், வார்த்தையிலயே பாதிப் பாடம் இருக்கு.

சரி, சேர்மத்துக்கு வருவோம். சேர்மம் எல்லாம் மூலக்கூறுதானேன்னு கேட்டா வகுப்புல எல்லாரும் ஆமான்னு தலையாட்டுவாங்க. இல்ல. சமையக்கட்டுல இருக்கற உப்பே அதுக்கு சாட்சி.

உப்பு சோடியம் குளோரைடு. சோடியத்தைத் தனியா நேர்ல பாத்தவங்களுக்கு மறக்காது, நான் காலேஜ் லேப்ல பாத்தேன். மண்ணெண்ணெய் பாட்டிலுக்குள்ள முங்கிக் கிடக்கும், இடுக்கியால எடுத்து வச்சுக் கத்தியால வெட்டுனா கெட்டி வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், வெட்டுன இடம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்து நாம பாத்துட்டு இருக்கும்போதே மங்கிடும். பட்டாணியை விடச் சின்னத் துண்டைத் தண்ணியில போட்டா உருண்டையா ஆகி ஸ்ஸ்னு சத்தம் போட்டுக்கிட்டு இங்கயும் அங்கயும் ஓடும், சில சமயம் தீப்பிடிக்கும். குளோரின் பச்சையும் மஞ்சளும் கலந்த வாயு, முதல் உலகப் போர்ல 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்துல ஈப்ர்ங்கற ஊர் பக்கத்துல ஜெர்மன் படை இதைத்தான் சிலிண்டர் சிலிண்டரா திறந்து விட்டாங்க, நுரையீரலை அரிச்சுக் கொல்ற வாயு. இந்த ரெண்டும் சேர்ந்தது ரசத்துல போடற உப்பு. சேர்மம்ங்கற வார்த்தைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. சேர்ந்ததுக்கு அப்புறம் பழைய குணம் எதுவும் மிஞ்சாது, புதுப் பொருள், புதுக் குணம்.

ஆனா உப்புப் பரலுக்குள்ள போய் "இதுதான் ஒரு மூலக்கூறு"ன்னு விரலை வச்சுக் காட்ட முடியாது. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் குடுத்துட்டு நேர்மின்னோட நிக்குது, குளோரின் அதை வாங்கிக்கிட்டு எதிர்மின்னோட நிக்குது, அப்படி நிக்கற குளோரினுக்குத்தான் குளோரைடுன்னு பேரு. ஒவ்வொரு சோடியத்தையும் சுத்தி 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுத்தி 6 சோடியம், செங்கல் அடுக்குன சுவர் மாதிரி பரலோட ஒரு மூலையில இருந்து மறு மூலை வரைக்கும் அப்படியே போகுது. இந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் சொந்தம்னு கேட்டா பதில் கிடையாது. ஒரு பொடி உப்புப் பரல்ல பல ஆயிரம் கோடி கோடி ஜோடி இருக்கும், எல்லாம் ஒரே அடுக்கு. உப்போட வாய்பாட்டை, அதாவது ஃபார்முலாவை, ஒண்ணுக்கு ஒண்ணுன்னு எழுதறோமே, அது விகிதம் மட்டும்தான். தண்ணிக்கு எச்2ஓ-ன்னு எழுதும்போது நிஜமாவே மூணு அணு சேர்ந்த ஒரு தனித் துகள் இருக்கு, உப்புக்கு எழுதும்போது அப்படி ஒரு தனித் துகள் இல்ல.

இந்த வித்தியாசம் டம்ளர்லயே நடக்கும். டீயில சர்க்கரை போட்டா ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் முழுசா பிரிஞ்சு தண்ணிக்குள்ள போகும், 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், மொத்தம் 45 அணுவும் கை விடாம அப்படியே இருக்கும், அதனாலதான் இனிக்குது. உப்பு கரையும்போது சோடியமும் குளோரைடும் தனித்தனியா பிரிஞ்சு போயிடும். சர்க்கரையை வாணலியில போட்டுக் கருக விட்டுப் பாருங்க, முதல்ல பொன்னிறம், அப்புறம் பழுப்பு, புகை, கடைசியில கரேல்னு ஒட்டிக்கிட்டு நிக்கறது பெரும்பாலும் கார்பன். 45 பேரு கூட்டம் கலைஞ்சு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணி ஆவியா போயிடுச்சு. அந்தக் கருப்புல இனிப்பு இருக்காது, கசக்கும். அணுக்கள் எதுவும் அழியல, மூலக்கூறு போச்சு, மூலக்கூறோட இனிப்பும் போச்சு.

இந்த நாலுல நாம குழம்பறோம்னா அதுல வெக்கப்பட எதுவும் இல்ல, ரசாயனத்தை உண்டாக்குனவங்களே அம்பது வருஷம் இதே இடத்துல நின்னிருக்காங்க. இந்தக் கதையைப் பாடத்தோட சேர்த்துச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

இங்கிலாந்துல மான்செஸ்டர்ல ஜான் டால்டன்னு ஒரு வாத்தியார், 12 வயசுலயே பாடம் நடத்த ஆரம்பிச்சவர். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி எடையுள்ள அணு உண்டு, சேர்மம்னா அணுக்கள் எண்ணிக்கை கணக்கா சேர்றதுன்னு 1803-ல இருந்து யோசிச்சு 1808-ல புத்தகமா போட்டார். அபாரமான யோசனை. ஆனா தண்ணியில எத்தனை ஹைட்ரஜன், எத்தனை ஆக்சிஜன்னு கண்டுபிடிக்க அவர்கிட்ட வழி இல்ல, அதனால இருக்கறதுலயே எளிமையானதா வச்சுக்குவோம்னு ஒண்ணுக்கு ஒண்ணுன்னு போட்டுட்டார். ஹைட்ரஜனை 1-ன்னு வச்சா ஆக்சிஜனோட எடை 7-ன்னு வந்துச்சு. இன்னிக்கு நாம 16-ன்னு படிக்கறோம். அளவு எடுத்ததுல வந்த பிழை கொஞ்சம்தான், பெரிய பிழை அந்த ஒண்ணுக்கு ஒண்ணுல.

அதே நேரத்துல பிரான்ஸ்ல கே-லூசாக் வாயுக்களை அளந்துட்டு இருந்தார். கன அளவுல ரெண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தா ரெண்டு பங்கு நீராவி வருது. இதை நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஒரே அளவு வாயுவுல ஒரே எண்ணிக்கை துகள் இருக்குன்னு வச்சுக்குவோம். 100 ஆக்சிஜன் துகள், 200 ஹைட்ரஜன் துகள், வந்தது 200 நீராவித் துகள். ஒவ்வொரு நீராவித் துகளுக்குள்ளயும் ஆக்சிஜன் இருந்தே ஆகணும். 100 ஆக்சிஜன் துகளை 200 பேருக்குப் பங்கு போடணும்னா ஒவ்வொண்ணும் ரெண்டா பிளந்தாகணும். அணு பிளக்காதுன்னு சொன்ன டால்டனுக்கு இது எப்படி ஒத்துக்க முடியும்? கே-லூசாக்கோட அளவுதான் தப்புன்னு சொல்லிட்டார்.

1811-ல இத்தாலியில அமெடியோ அவகாட்ரோ, சட்டம் படிச்சுட்டு அறிவியலுக்கு வந்தவர், இந்த முடிச்சை அவிழ்த்தார். பிளந்தது அணு இல்லப்பா, அது ஏற்கெனவே ரெண்டு ஆக்சிஜன் அணு ஜோடியா நின்ன மூலக்கூறு, ஜோடிதான் பிரிஞ்சுதுங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். அவ்வளவுதான், டால்டனும் சரி, கே-லூசாக்கும் சரி. ஆனா ஒரே வகை அணு ரெண்டு எப்படி ஒண்ணை ஒண்ணு இழுக்கும், தள்ளத்தானே செய்யும்னு பெரியவங்க யாரும் ஏத்துக்கல. வேற வேற வகைதான் சேரும், அப்போ சேர்ந்ததெல்லாம் சேர்மம்தான், தனிமம்னா அணு ஒத்தையாத்தான் நிக்கும்ங்கறதுதான் அவங்க மனசுல இருந்தது. நம்ம வகுப்புல பசங்க பண்ற அதே குழப்பம்!

அதுக்கான விலையும் பெருசு. ஆளுக்கொரு அணு எடை, ஆளுக்கொரு வாய்பாடு. கெகுலேங்கற ஜெர்மன் வேதியியல்காரர் 1861-ல போட்ட பாடப் புத்தகத்துல, வினிகர்ல இருக்கற அசிட்டிக் அமிலம் ஒண்ணுக்கே அதுவரைக்கும் ஆளாளுக்கு எழுதிவந்த 19 விதமான வாய்பாடு இருக்கு. இந்தக் குழப்பம் தாங்க முடியாமத்தான் 1860 செப்டம்பர்ல ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவேங்கற ஊர்ல ஐரோப்பா முழுக்க இருந்து வேதியியல்காரங்க மூணு நாள் கூடிப் பேசுனாங்க. அங்க ஸ்டானிஸ்லாவோ கானிசாரோன்னு ஒரு இத்தாலிய வேதியியல்காரர் எழுந்து, அவகாட்ரோ சொன்னபடி அணுவையும் மூலக்கூறையும் தனித்தனியா பிரிச்சு வச்சா எல்லாக் கணக்கும் ஒத்து வருதுன்னு விளக்குனார், அதைப் பத்தி அவர் எழுதியிருந்த சின்னப் புத்தகத்தையும் வந்தவங்க கையில குடுத்து அனுப்புனாங்க. அவகாட்ரோ அப்போ உயிரோட இல்ல, 1856-லயே இறந்துட்டார். கூட்டத்துல 26 வயசு ரஷ்யர் ஒருத்தர் இருந்தார், மெண்டலீவ். சரியான அணு எடை கையில கிடைச்ச ஒன்பதாவது வருஷம், 1869-ல, அவர் போட்டதுதான் தனிம அட்டவணை. நம்ம வகுப்புச் சுவர்ல தொங்கற சார்ட்டுக்குப் பின்னாடி ஒரு வார்த்தைக் குழப்பம் தீர்ந்த கதை இருக்கு.

கலவையைப் பத்தி நீளமா எழுதப் போறதில்ல, ஆனா சேர்மத்தையும் கலவையையும் போட்டுக் குழப்பறது அதிகம். வித்தியாசம் விகிதத்துல இருக்கு. 916 நகைன்னா ஆயிரத்துல 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரி. 18 கேரட்னா 750 பங்கு. ரெண்டும் நகைதான், விகிதத்தை இஷ்டத்துக்கு மாத்தலாம், அதனால கலவை. பித்தளையும் அப்படித்தான், செம்புல துத்தநாகம் 30 பங்கு போட்டாலும் 35 பங்கு போட்டாலும் பித்தளை. தண்ணியில அந்த விளையாட்டு நடக்காது. ரெண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன்னா தண்ணி, இன்னொரு ஆக்சிஜன் சேர்ந்தா அது ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணுல ஊத்துனா நுரை பொங்குமே அது, குடிக்க முடியாது. கார்பனோட ரெண்டு ஆக்சிஜன் சேர்ந்தா நாம மூச்சுல வெளிய விடற கார்பன் டை ஆக்சைடு, ஒண்ணே ஒண்ணு சேர்ந்தா கார்பன் மோனாக்சைடு, வாசனையும் இல்ல நிறமும் இல்ல, ஆளைத் தூக்கத்துலயே கொன்னுடும். குளிருக்காகக் கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டுப் படுக்கவே படுக்காதீங்க, தயவுசெஞ்சு.

பள்ளிக்கூட லேப்ல இதைக் கண்ணால காட்ட ஒரு பழைய சோதனை உண்டு. 7 கிராம் இரும்புத் தூள், 4 கிராம் கந்தகப் பொடி, நல்லா கலந்து பேப்பர்ல பரப்பிக் காந்தத்தை மேல காட்டுனா இரும்பு மட்டும் கிளம்பி ஒட்டிக்கும், மஞ்சள் பொடி கீழயே கிடக்கும். அதையே டெஸ்ட் டியூப்ல போட்டுச் சூடு பண்ணா ஒரு இடத்துல கனகனன்னு சிவக்கும், விளக்கை எடுத்துட்டாலும் அந்தச் சிவப்பு தானா ஊர்ந்து முழுக்கப் பரவும். ஆறின பிறகு உடைச்சா கருப்பான கட்டி, இரும்பு சல்ஃபைடு. இப்போ காந்தத்தைக் காட்டுனா முன்ன மாதிரி ஓடி வந்து ஒட்டாது. மஞ்சளும் இல்ல. உள்ள இருக்கறது அதே இரும்பு அணு, அதே கந்தக அணு.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்னு நினைக்காதீங்க, கடையில வாங்கற ஒவ்வொரு பாக்கெட்லயும் இந்த நாலு வார்த்தை ஒளிஞ்சிருக்கு. அயோடின் உப்புன்னு வாங்கறோம், பாக்கெட்ல 15 பிபிஎம்-க்குக் குறையாம அயோடின்னு போட்டிருக்கும், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம். உள்ள போட்டிருக்கறது அயோடின் மூலக்கூறு இல்ல, பொட்டாசியம் அயோடேட்ங்கற சேர்மம். வித்தியாசம் தெரியணும்னா, லேப்ல சோத்து மேல அயோடின் சொட்டு விட்டா கருநீலமாகும்னு எல்லாரும் செஞ்சு பாத்திருப்போம், வீட்டுல தினம் அயோடின் உப்பு போட்ட சோறைத்தானே சாப்பிடறோம், என்னிக்காவது நீலமாச்சா? அளவு ரொம்பக் கம்மிங்கறது ஒரு பக்கம், அயோடேட்டா கட்டுண்டு இருக்கற அயோடின் அந்த நிறத்தைத் தராதுங்கறது இன்னொரு பக்கம். தைராய்டுக்கு வேணும்ங்கற அயோடின் மட்டும் அந்தச் சேர்மம் வழியா உடம்புக்குள்ள போய்ச் சேருது.

அன்னிக்கு மீன் கேள்வி கேட்ட அந்தப் பொண்ணு ரெண்டு நாள் கழிச்சு அவங்க பாட்டியோட கால்சியம் மாத்திரை அட்டையை எடுத்துட்டு வந்தா. அட்டைக்குப் பின்னாடி கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம்னு ஒரு வரி, அதுக்குக் கீழயே எலிமென்டல் கால்சியம் 500 மில்லிகிராம்னு இன்னொரு வரி. "எது நிஜம்க்கா?"ன்னு கேட்டா. நான் எதுவும் சொல்லாம அணு எடையை மட்டும் போர்டுல எழுதுனேன், கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஆக்சிஜன் மூணு இருக்கு. அவளே கூட்டுனா, 40, 12, 48, மொத்தம் 100. நூத்துக்கு 40 பங்கு கால்சியம். 1250-ல 40 சதவீதம் எவ்வளவுன்னு நோட்டு ஓரத்துல பெருக்கிப் பாத்தா, 500.

"அப்போ பாட்டி முழுங்கறது சுண்ணாம்புக் கல்லா?"ன்னு பக்கத்துல இருந்தவன் கேட்டான். சேர்மமா பாத்தா ஆமாடா, அதேதான், சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் முட்டை ஓடும் பெரும்பாலும் அந்தச் சேர்மம்தான்னு சொன்னேன். கால்சியம்ங்கற உலோகத்தைத் தனியா 1808-ல ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சிப் பிரிச்செடுத்தார், வெள்ளி நிறத்துல இருக்கும், தண்ணி பட்டா வாயு பொங்கும், அதை யாரும் முழுங்க முடியாது. அட்டையில எலிமென்டல்னு போட்டிருக்கறதைப் பாத்து உள்ள தனிமமாவே வச்சிருக்காங்கன்னு எடுத்துக்கக் கூடாது, அந்தச் சேர்மத்துக்குள்ள கால்சியம்ங்கற தனிமத்தோட பங்கு எடை எவ்வளவுங்கற கணக்கு அது. டாக்டர் 500 எழுதியிருக்க, அட்டையில 1250-னு பாத்துட்டு டோஸ் கூடிப்போச்சுன்னு பயந்து மாத்திரையைப் பாதியா உடைச்சுக் குடுக்கற வீடுங்க நிஜமாவே இருக்கு.

அவ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தா. அப்புறம் பைக்குள்ள கையை விட்டுப் பள்ளிக்கூடத்துல வாரா வாரம் குடுக்கற நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை எடுத்து டேபிள்ல வச்சா. "இதுல 60 மில்லிகிராம் இரும்புன்னு மிஸ் சொன்னாங்க. வீட்டுல ஃபிரிட்ஜ் காந்தத்துல வச்சுப் பாத்தேன்க்கா, ஒட்டவே இல்ல. இதுவும் சேர்மம்தானே?"